ஆறு கித்தாக் கொட்டைகள்

நாகம்மை அம்மாள் வீட்டுக் கிணற்றடியில் தம்பிராஜா ஒரு ஜோடி கால் சப்பாத்தைக் கழுவுவதைப் பார்ப்பதற்கென்றே அந்தச் சந்தில் சிலர் சாயங்காலத்தில் நின்று போவார்கள். முதலில் இரண்டு வாளித் தண்ணீர். பிறகு தேங்காய் நார். அதற்கும் பிறகு குந்தி உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அடிப்பாகத்தின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் செம்மண்ணை ஈர்க்குச்சியால் கிண்டி எடுப்பான். ஒரு சப்பாத்தின் அடியில் நாற்பத்திரண்டு கட்டங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஈர்க்குச்சி மட்டும் நுழைகிற அளவுக்குப் பள்ளம். நாற்பத்திரண்டையும் சுற்றி வராமல் அவன் எழுந்ததே கிடையாது.

நாகம்மை அம்மாள் மலாக்காச் செட்டி வீட்டுக்காரி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். தமிழில் பத்துச் சொல் வந்தால் அதிகம், மற்றதெல்லாம் மலாய்தான். தன் பேரப்பிள்ளை சாப்பிடுகிற தட்டுகூட இத்தனை சுத்தமாக இருப்பதில்லை என்று மலாயில் சொல்லிச் சிரிப்பாள். தம்பிராஜாவும் வெட்கத்தோடு சிரிப்பான். அந்த வெட்கத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சப்பாத்து அவனுடையது அல்ல. காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இரண்டு இரும்பு அச்சுகளை வைத்துக்கொண்டு கித்தாச் சப்பாத்து, அதாவது ரப்பர் அடி வைத்த சப்பாத்து, செய்துவந்த அப்பாசாமியினுடையது. அதுவரை அங்கே பள்ளிப்பிள்ளைகள் போடுகிற வெள்ளைத் துணிச் சப்பாத்துதான் செய்தார்கள். அடிப்பாகம் மொழுமொழுவென்று இருக்கும். ஐம்பத்தேழாம் வருஷம், மலாயா நாடு சுதந்திரம் வாங்கப் போகிற சமயம், அப்பாசாமிக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் காடு அளக்கிறவர்களும் மலையேறுகிறவர்களும் பெருகுவார்கள். அவர்களுக்கு லோரி டயர் மாதிரி கட்டம் போட்ட அடிப்பாகத்தோடு ஒரு சப்பாத்து செய்தால் என்ன? புது அச்சு வார்த்தார். அதற்கு மலைச் சப்பாத்து என்று பெயரும் வைத்தார். முதல் ஜோடி எட்டாம் நம்பர். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த தம்பிராஜாவின் காலும் எட்டு.

"நீ இதப் போட்டுக்கிட்டு ஓடணும்," என்றார் அப்பாசாமி. "நடக்கிறது இல்ல, ஓடணும். கல்லு, வேரு, சேறு, ஒண்ணையும் விடாத. எங்க வழுக்குது, எங்க கடிக்குது, எங்க பிரியுது, எல்லாம் நோட்டுல வரணும். உன்னைவிட்டா இந்தக் கடையில எவன் ஒழுங்கா எழுதுவான்? மத்தவனுக்கெல்லாம் மண்டையில களிமண்ணு."

"எனக்கு ஓடத் தெரியாதே, முதலாளி."

"தெரிஞ்சவன் ஓடினா அவன் காலு நல்லாயிருக்குன்னுதான் தெரியும். சப்பாத்து நல்லாயிருக்கான்னு தெரிய உன்ன மாதிரி ஆளுதான் வேணும்."

ஒரே ஒரு நிபந்தனை. புது அச்சில் வார்த்த முதல் ஜோடி விற்பனை தொடங்கும்வரை முருகன் படத்துக்குக் கீழே கண்ணாடித் தட்டில் இருக்க வேண்டும். அது அப்பாசாமியின் வழக்கம். தோல் இல்லை, கித்தாவும் துணியும்தானே, சாமி ஒன்றும் சொல்லாது என்பார். ஆனால் மண்ணோடு வைக்கக்கூடாது. ஓடி முடித்ததும் சுத்தமாகக் கழுவி, அன்றன்றைக்குக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தம்பிராஜாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. ஒரு வேலை கொடுத்தால் அதைச் செய்வதைவிட, சரியாகச் செய்தோமா என்று திரும்பிப் பார்ப்பதில்தான் அவனுக்கு அதிக நேரம் போகும். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தவன் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அடுத்தவன் விடையும் தன் விடையும் வேறாக இருந்தால் உடனே தன்னுடையதை அழித்துவிடுவான். இரண்டு தடவை அவன் அழித்ததே சரியான விடையாக இருந்தது. அப்படியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

செமாபோக் பக்கம் ஒரு பழைய கித்தாக் காடு, அதன் பின்னால் ஒரு செம்மண் குன்று. தினமும் சப்பாத்தைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போய், குன்றின் அடியில் உட்கார்ந்து மாட்டுவான். கித்தா மரங்களுக்கு நடுவே வேர் பரவிய பாதையில் ஏற்றம். உச்சியில் சரளைக்கல். அந்தப் பக்கம் சறுக்கலாக இறங்கும் களிமண் இறக்கம். கடைசியில் ஒரு சிற்றோடை. எல்லாம் சேர்த்து இரண்டரை மைல். ஒரு சுற்று ஓடுவான். சட்டையின் இடது பையில் இருபது கித்தாக் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, கால் ஒருமுறை வழுக்கினால் ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றுவான். ஓடி முடித்து வலது பையை எண்ணி நோட்டில் எழுதுவான். 'சரளை: பிடிப்பு நன்று. ஈர வேர்: ஒன்று. இறக்கம்: வழுக்கல் இல்லை. இடது முன்விரல் தையலில் நூல் விட்டிருக்கிறது. ஓடைக்குப் பிறகு துணி கனக்கிறது, இருபது நிமிஷத்தில் வடிந்துவிடுகிறது.' இப்படிப் பத்து நாள்.

பதினோராம் நாள்தான் அது நடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவன் கிணற்றடிக்கு வந்தபோது கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. கழுவ வழியில்லை. மண்ணோடு சாமிக்கு முன்னால் வைக்கவும் முடியாது. கடையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போனான். காலையில் அப்படியே எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனான். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. களிமண் இறக்கத்தில் கால் வைத்ததுதான் தெரியும். எண்ணெய் தடவிய பலகையில் நிற்பதுபோல் இருந்தது. ஆறு தடவை வழுக்கினான். ஆறாவது தடவை மல்லாந்தே விழுந்தான்.

ஓடையருகே உட்கார்ந்து வலது பையிலிருந்த கொட்டைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். ஆறு. 'இறக்கம்: ஆறு' என்று எழுதினான். மறுநாள், வாளியை எடுத்துக் கயிறும் மாற்றிய பிறகு, நன்றாகக் கழுவிய சப்பாத்தோடு அதே இறக்கத்தில் ஓடினான். ஒன்றுகூட இல்லை.

சரி, அப்படியென்றால் தப்பு எங்கே? பத்து நாளும் பிடித்த சப்பாத்து ஒரே ஒரு நாள் விட்டுவிடுமா? அன்றைக்கு வெறும் வயிற்றோடு ஓடினான். முதல் வழுக்கலுக்குப் பிறகு பயந்து பயந்து காலை வைத்தான். அடிமட்டத்தை எடுத்து அந்த வரியை நேர்க்கோடாக அடித்தான். பக்கத்தில் 'ஓடியவன் கவனக்குறைவு' என்று சின்ன எழுத்தில் எழுதினான். எழுதி முடித்ததும் மனசு லேசானது. தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு எப்போதும் ஒரு நிம்மதி.

அவனுடைய அக்கா பூங்காவனத்தின் புருஷன் மருதமுத்து. பகலில் சாலைக்குத் தார் போடுகிற தினக்கூலி. ஆனால் மலாக்காவில் அவன் பெயர் தெரிந்தது ஓட்டத்துக்குத்தான். காடு மேடெல்லாம் வெறுங்காலோடு ஓடி மூன்று வருஷம் தொடர்ந்து முதலில் வந்தவன். சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி ஆகஸ்ட் பாதியில் ஒரு குன்றோட்டம் வைப்பதாகப் பேச்சு வந்தது. அதே செமாபோக் குன்று, மூன்று சுற்று. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களைத் தீயணைப்புப் படையில், அதுதான் பொம்பாவில், நிரந்தர ஆளாக எடுப்பார்கள் என்றதும் பூங்காவனம் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் தார் வாடையில்லாமல் வீட்டுக்கு வருகிற நாளை அவள் ஏழு வருஷமாக எதிர்பார்த்திருந்தாள்.

அப்பாசாமி விடுவாரா? மருதமுத்து தன் சப்பாத்தைப் போட்டு ஓடி ஜெயித்தால் மலாக்கா முழுக்கத் தெரிந்துவிடும். புதிதாக ஒரு பத்தாம் நம்பர் ஜோடி செய்து தம்பிராஜா கையில் கொடுத்தனுப்பினார்.

"எனக்கா?" என்றான் மருதமுத்து. வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "மாப்ள, என் விரலக் கொஞ்சம் பாரு. அஞ்சும் அஞ்சு ஊர்ல, அஞ்சு கம்பத்துல குடியிருக்கு. இதுங்கள இழுத்தாந்து ஒரே லயத்து வீட்டுல அடைக்கப் பாக்கறியே."

"போன வருசம் கண்ணாடி குத்திப் பதினஞ்சு நாளு படுத்துக் கெடந்தீங்க. அப்ப இந்த அஞ்சு கம்பமும் எங்க போச்சு?" என்றாள் உள்ளேயிருந்து பூங்காவனம்.

"நீ சும்மா இரு லா. கால் என்னுது."

"சோறு ஆக்கறது நானு."

மருதமுத்து சிரித்தபடி சப்பாத்தை வாங்கி, அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு மச்சினனை நிமிர்ந்து பார்த்தான். இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"உன் நோட்டு என்ன சொல்லுது?"

தம்பிராஜா நோட்டை எடுத்து நீட்டினான். மருதமுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன, அடிச்சிருக்கு?"

"அது... அது என் தப்பு மச்சான். அன்னிக்கு நான் சரியா ஓடல."

"ஆமா, நீ ஓடற லட்சணம் எனக்குத் தெரியாதா? வாத்து தண்ணியவிட்டு ஏறி வர்ற மாதிரி." மருதமுத்து தொடையில் தட்டிச் சிரித்தான். "சரி, எடு. நீ ஒரு தேங்கா வாங்கினாகூட மூணு தடவ தட்டிப் பாக்கிற ஆளு. நீ நல்லாயிருக்குன்னு எழுதினா அது நல்லாத்தான் இருக்கும்."

சொல்லியிருக்கலாம். 'மச்சான், ஆறு தடவ வழுக்கிச்சு, ஏன்னு எனக்கே வெளங்கல' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. தன் கவனக்குறைவைச் சப்பாத்தின் மேல் போட்டுச் சொல்வதாகுமோ என்று நினைத்து விழுங்கிவிட்டான்.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விடியும்வரை மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாற்பது பேர் ஓடினார்கள். பாதிப்பேர் வெறுங்கால். தம்பிராஜா களிமண் இறக்கம் முடிகிற இடத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு கித்தா மரத்தடியில் நின்றான். முதல் சுற்றில் மருதமுத்து எல்லோருக்கும் முன்னால் வந்தான். இறக்கத்தில் மற்றவர்கள் கையை விரித்துத் தட்டுத்தடுமாறி இறங்க, அவன் படியில் இறங்குவதுபோல் இறங்கினான். ஓடையைத் தாண்டும்போது, "பிடிக்குது மாப்ள! பூனை மாதிரி பிடிக்குது!" என்று கத்திக்கொண்டே போனான். தம்பிராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றிலும் அவன்தான் முதல். ஆனால் இறக்கத்தில் ஓரிடத்தில் இடுப்பை வளைத்து, கையை ஊன்றி எழுந்தான். கத்தவில்லை. வாய் திறந்திருந்தது. ஓடையை ஒரே எட்டில் தாண்டினான்; தண்ணீரில் கால் படவே இல்லை. அவன் பின்னங்கால் உயர்ந்து மடங்கிய அந்த ஒரு நொடியில் தம்பிராஜா சப்பாத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

கட்டங்களைக் காணவில்லை. நாற்பத்திரண்டில் ஒன்றுகூட இல்லை. மெழுகிவிட்ட தரைபோல ஒரே சிவப்பு.

அன்றைக்கு, கழுவாமல் எடுத்துப்போன அன்றைக்கு, தன் சப்பாத்தும் இப்படித்தானே இருந்தது? தினமும் ஈர்க்குச்சியால் கிண்டிக் கிண்டிப் பள்ளத்தையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறான். ஒரே சுற்றுதான் ஓடியிருக்கிறான். ஓடுகிறவன் நடுவழியில் உட்கார்ந்து ஈர்க்குச்சியா தேடுவான்? 'மச்சான், கழட்டுங்க! கழட்டி எறிங்க!' என்று கத்த வேண்டும். மருதமுத்து அப்போது முப்பது கஜ தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். காது கேட்கிற தூரம்தான். ஆனால் உறுதியா? முன்னால் ஓடுகிறவனை நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அந்த நேரத்தில் நாலு பேர் தாண்டிப் போய்விட்டால்? பொம்பா வேலை போய்விட்டால்? தனக்கு அப்படித் தோன்றுவது எத்தனை தடவை தப்பாக இருந்திருக்கிறது? அவன் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே மருதமுத்து மரங்களுக்குள் மறைந்துவிட்டான்.

மூன்றாம் சுற்றில் இறக்கத்தின் பாதியில் அவன் கால் இரண்டும் ஒருசேர முன்னால் போயின. நின்று சமாளிக்க விரல்கள் மண்ணைத் தேடியிருக்கும். அவை துணிக்குள் அடைபட்டிருந்தன. பதினைந்து அடி சறுக்கி, வெட்டிப்போட்ட ஒரு கித்தா மரக் கட்டையில் வலது முழங்கால் மோதிய சத்தம் ஓடைவரை கேட்டது. பின்னால் வந்த வெறுங்கால்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. நடப்பான், ஆனால் கால் முழுக்க மடங்காது என்றார் டாக்டர். தீயணைப்புப் படையின் அதிகாரி நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். பழம் கொண்டுவந்தார். மூன்று இடமும் நிரம்பிவிட்டது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மருதமுத்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். தம்பிராஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சப்பாத்து நல்ல சப்பாத்து, மாப்ள," என்றான் மருதமுத்து. "முதலாளிகிட்ட சொல்லிடு, மனசு ஒடஞ்சிடப் போறாரு. என் காலுதான் காட்டுக்காலு. அதுக்கு மரியாத தெரியல." சிரிக்கப் பார்த்தான். "மூணாவது சுத்துல அவசரப்பட்டுட்டேன். பின்னால ஆளே இல்ல, நான் எதுக்கு அவசரப்பட்டேன்? அதத்தான் நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான்."

தம்பிராஜா வாயைத் திறந்தான். "மச்சான்..." என்றான். பூங்காவனம் பழத்தை உரித்துத் தம்பியின் கையில் ஒரு சுளையை வைத்தாள். அவன் அதைத் தின்றான்.

கடையில் அப்பாசாமி நோட்டுக்காகக் காத்திருந்தார். உள்நாட்டில் காடு அளக்கிற ஒரு குழுவுக்கு நாற்பது ஜோடி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சோதனைக் குறிப்பை நல்ல தாளில் பிரதி எடுத்துக்கொடுக்கச் சொன்னார்.

"மருதமுத்து விஷயம்...?" என்றான் தம்பிராஜா.

"பாவம்தான். அதுக்கு நாம என்ன பண்றது? சப்பாத்து மேல தப்பில்லன்னு அவனே சொல்றான். பழகாத காலு."

"அடிச்ச வரிய எழுதணுமா, முதலாளி?"

அப்பாசாமி நோட்டைப் பார்த்தார். "நீதானே அடிச்சே? அப்புறம் என்ன?"

ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. விழுந்தவன் தன்மேல் பழியை ஏற்றுக்கொண்டான். முதலாளி நிம்மதியாக இருந்தார். இவன் பேசாமல் இருந்தால் போதும். மருதமுத்து ஆயுள் முழுக்க மடங்காத காலைத் தடவிக்கொண்டு, 'எதுக்கு அவசரப்பட்டேன்' என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பான். எங்கோ ஒரு காட்டில் நாற்பது பேர் மழைநாளில் இந்தச் சப்பாத்தோடு சரிவில் கால் வைப்பார்கள். இத்தனையும் தெரிந்தும் அவனுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ஓடையருகே ஒரு நொடியில் பார்த்தது சரியாகவே பார்த்ததுதானா?

மறுநாள் காலையில் எட்டாம் நம்பர் ஜோடியை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனான். முதல்நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. கழுவாமல், கிண்டாமல், மூன்று சுற்றும் ஓடினான். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஐந்து கொட்டைகள். மூன்றாவதில் பதினொன்று. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓடையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் சுத்தம் செய்துவிட்டு ஓடினான். மூன்று சுற்றுக்கும் சேர்த்து ஒன்று. மூன்றாம் நாள் திரும்பவும் கழுவாமல் ஓடினான். இந்தத் தடவை இரண்டாம் சுற்றிலேயே ஏழு. மூன்றாம் சுற்று ஓடவில்லை. இறக்கத்தில் அந்த மரக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, சப்பாத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தான். பள்ளம் குறுகல், ஏறிய களிமண் இறங்கவில்லை. கட்டமும் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. அன்றைக்கு ஆறு தடவை வழுக்கியது அவன் இல்லை. அவன் ஓடியது சரி, எண்ணியது சரி, எழுதியதும் சரி. அடித்தது ஒன்றுதான் தப்பு.

மண்ணோடு இருந்த சப்பாத்தை அப்படியே கடைக்குக் கொண்டுபோய் அப்பாசாமியின் மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"என்னடா இது? சாமி எதிர்ல! கழுவத் தண்ணி இல்லையா?"

"கழுவினதுதான் தப்பு, முதலாளி."

நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னான். கிணற்றுக் கயிறு, ஆறு கொட்டை, மூன்று நாள் ஓட்டம். அப்பாசாமி ஒரு ஈர்க்குச்சியை வாங்கி ஒரு பள்ளத்தைத் தானே கிண்டிப் பார்த்தார். மண் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அதை விரலில் நசுக்கினார்.

"பள்ளத்த அகலமா வெட்டணும்னா இந்த அச்சு ஆகாது. புதுசா வார்க்கணும். அதுக்கு இப்ப வழியில்ல." நிமிர்ந்தார். "உறுதியாத் தெரியுமா உனக்கு?"

இந்தக் கேள்விக்கு அவன் எப்போதும் சொல்கிற பதில் கடை முழுக்கத் தெரியும். 'தெரியல முதலாளி, இன்னொரு தடவ பாத்துடறேன்' என்பான்.

"தெரியும்," என்றான்.

அப்பாசாமி எழுந்துபோய்ப் புது அச்சின் மேல் ஒரு சாக்கை எடுத்துப் போட்டார். "நாப்பது ஜோடி இல்லன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றார், திரும்பாமல். "சுதந்திரம் முடியட்டும். அப்புறம் பாப்போம், இந்தக் கடையில யாரு இருக்கிறது, யாரு போறதுன்னு. நீ அன்னிக்கே அந்தக் கோட்ட போடாம இருந்திருக்கலாம்டா." வாசல்வரை போனவனைக் கூப்பிட்டார். "அத எடுத்துக்கிட்டுப் போ. இனிமே சாமிகிட்ட வைக்க முடியாது."

அது ஆகஸ்ட் முப்பதாம் தேதி. மறுநாள் சுதந்திரம். தெருவெல்லாம் தென்னங்குருத்தும் காகிதக் கொடியுமாக இருந்தது. மருதமுத்து வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்து, வாசலருகே பலகைக் கட்டிலில் சாய்ந்திருந்தான். தம்பிராஜா கட்டிலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, சப்பாத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். கயிறு அறுந்த நாளையும் ஆறு கொட்டையையும் சொன்னான்.

"ஆறா?" என்றான் மருதமுத்து கடைசியில்.

"ஆறு, மச்சான்."

"நான் அன்னிக்குக் கேட்டேன்."

"கேட்டீங்க."

"என்ன அடிச்சிருக்குன்னு கேட்டேன். கேட்டுட்டுச் சிரிச்சேன் வேற." காலுக்கடியிலிருந்த தலையணையை நகர்த்தினான். "ஓட்டத்து அன்னிக்கு நீ ஓடைகிட்டதானே நின்னே?"

இதை அவன் கேட்காமல் இருந்திருந்தால் தம்பிராஜா சொல்லாமல் விட்டிருப்பானோ என்னவோ. இப்போது வழியில்லை.

"ரெண்டாவது சுத்துலயே பாத்தேன் மச்சான். அடியெல்லாம் மண்ணு அடைச்சிருந்திச்சி. கழட்டுங்கன்னு கத்தலாம்னு நெனச்சேன்."

"ஏன் கத்தல?"

"சந்தேகமா இருந்திச்சி."

"சப்பாத்து மேலயா?"

"இல்ல. என்மேல."

மருதமுத்து அவனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தெருவில் போகிற ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"உன்மேல இருந்த சந்தேகத்துக்கு என் கால எடுத்துக்கிட்டியே, மாப்ள."

பூங்காவனம் கோப்பி மங்குகளோடு கதவோரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஒன்றைப் புருஷன் கையில் கொடுத்தாள். இன்னொன்றை வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாத்திரத்தில் கோப்பியைத் திரும்ப ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"பதினஞ்சு நாளா நான் என்னத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்," என்றான் மருதமுத்து, சுவரைப் பார்த்து. "இப்ப அதுவும் இல்ல. உன்னத் திட்டவும் வாய் வரமாட்டேங்குது. போ. அந்தச் சப்பாத்த இங்கயே வச்சிட்டுப் போ."

"கழுவிக் கொண்டாந்து..."

"கழுவாத. அப்படியே இருக்கட்டும்."

தம்பிராஜா சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தான். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. சிவந்த அடி மேலே தெரிந்தது. அதை நிமிர்த்தி வைக்கலாமா என்று கையை நீட்டியவன், வேண்டாமென்று எழுந்தான். அக்காவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளைக்கு வராத தம்பி," என்றாள். குரலில் கடுமை இல்லை. "அவரு வெளிய நடமாட ஆரம்பிக்கட்டும்."

சந்துக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அவன் வழக்கமாக வருகிற நேரம். நாகம்மை அம்மாள் அவன் தலையைக் கண்டதும், பழக்கதோஷத்தில், ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக் கிணற்றடிக் கல்லின்மேல் வைத்தாள். சப்பாத்து எங்கே என்று மலாயில் கேட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, அடுத்ததாகக் கேட்க இருந்ததைக் கேட்காமல் சாரோங்கில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாளியில் தண்ணீர் ஆடி அடங்கியது. தம்பிராஜா அதன் முன்னால், இரண்டு கையும் வெறுமையாக, நின்றுகொண்டிருந்தான்.